பக்கத்து நாற்காலியில யாரு பாஸ்?



ஒரே ஒரு கேள்வி. ஊர் டீக்கடை, ஹாஸ்டல் மொட்டைமாடி, வாட்ஸ்அப் குரூப்னு இதுவரைக்கும் எத்தனை தடவை போர் அறிவிச்சிருக்கீங்க? சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

நான் அறிவிச்ச முதல் போர் 2001, டிசம்பர் 14. இடம்: திருப்புலிவனம், பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடை. எங்க ஊரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற பஸ்ல ஏறினா, உத்திரமேரூருக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். புலிக்கால் முனிவர் கும்பிட்ட வியாக்ரபுரீஸ்வரர் கோயில்தான் ஊருக்கு அடையாளம். பேர்லயே புலி இருக்குறதாலயோ என்னவோ, எங்க பசங்ககிட்ட வீரத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது!

அதுக்கு முந்தின நாள்தான் டெல்லி நாடாளுமன்ற வளாகத்துக்குள்ள 5 தீவிரவாதிகள் காரோட நுழைஞ்சு சுட்டாங்க. காவலுக்கு நின்னவங்க, ஒரு தோட்டக்காரர்னு 9 பேர் செத்துப்போனாங்க. அன்னிக்குக் காலேஜ் பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டு, தினசரியை ஆளுக்கொரு பக்கமா பிச்சு வெச்சுக்கிட்டு நாங்க போட்ட மீட்டிங் இருக்கே... பிரதமரே தோத்துட்டார். "ஒரே ராத்திரியில முடிச்சிடலாம் மாமா!"ன்னு டீ மாஸ்டருக்கு நான் திட்டம் விளக்கிட்டு இருந்தேன். அவர் கணக்கு நோட்டைப் பார்த்துட்டு, "மொதல்ல போன மாச பாக்கியை முடி"ன்னாரு.

சிரிச்சிட்டோம். ஆனா அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டும் சிரிக்க உரிமை இல்லைங்கிறது அப்போ புரியல. ஏன்னா என் பெரியப்பா பையன் ராணுவத்துல இருந்தான்.

மோதிரம் போட்ட கை

அண்ணன்னுதான் கூப்பிடுவேன். இந்தக் கட்டுரையிலயும் அண்ணனாவே இருக்கட்டும். 2002 தை மாசம் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். லீவு கேட்டிருந்தான். பெரியம்மா எல்லையைப் பத்திக் கவலைப்படல, "பய வந்துருவான்ல?"ன்னு மட்டும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

லெட்டர் வந்துச்சு. வழக்கம்போல ஊர் பேரே இல்லாத, '56 ஏ.பி.ஓ.' முகவரி. லீவு இல்லை. எங்கே போறோம்னு எழுதக்கூடாது. உடம்பு நல்லா இருக்கு. தங்கச்சியை நல்லபடியா அனுப்பி வையுங்க. அவ்வளவுதான்.

கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடணும்ல? அண்ணன் நிக்கவேண்டிய இடத்துல என்னை நிறுத்தினாங்க. டீக்கடையில போர் அறிவிச்ச அதே கையால மோதிரம் போட்டேன். பின்னாடி பெரியம்மா மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு சந்தேகம் வந்துச்சு. 'போர்'னு நாம இங்கே சொல்ற வார்த்தை வேற, அங்கே போய்ச் சேர்ற வார்த்தை வேறயோ?

பத்து மாசம், ஒரு பராக்ரம்

டெல்லியில நடந்தது இது. பிரதமர் வாஜ்பாய். உள்துறைக்கு அத்வானி, வெளியுறவுக்கு ஜஸ்வந்த் சிங், பாதுகாப்புக்கு ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ரா. ராணுவத் தளபதி ஜெனரல் எஸ். பத்மநாபன். கடற்படைத் தளபதி அட்மிரல் சுஷில் குமார், நம்ம நாகர்கோவில்காரர். அறையில திறமைக்குக் குறைச்சலே இல்லை.

டிசம்பர் மூணாவது வாரம் உத்தரவு வந்துச்சு. படைகள் எல்லைக்கு நகரணும். பேரு 'ஆபரேஷன் பராக்ரம்'. ஏறத்தாழ 5 லட்சம் வீரர்கள் கிளம்பினாங்க. ஆனா எதிரி நாட்டுக்குள்ள புகுந்து அடிக்கிற பெரிய படைப்பிரிவுகள் அப்போ மதுரா, அம்பாலா, போபால்னு உள்நாட்டுல இருந்துச்சு. டாங்கி, பீரங்கி, வெடிமருந்து எல்லாத்தையும் ரயில்லயும் ரோட்லயும் கொண்டுபோய்ச் சேர்க்க ஏறக்குறைய 3 வாரம் ஆச்சு. நான் டீக்கடையில சொன்ன 'ஒரே ராத்திரி' கணக்கு எப்படி?

அந்த 3 வாரத்துல உலகம் சும்மா இருக்குமா? செப்டம்பர் 11 முடிஞ்சு, அமெரிக்கா ஆப்கானிஸ்தான்ல போர் நடத்திக்கிட்டு இருந்த நேரம். அதுக்குப் பாகிஸ்தான் உதவி தேவை. சமாதானம் பேச ஆட்கள் வரிசையா வந்து இறங்கினாங்க. 2002 ஜனவரி 12ம் தேதி முஷாரஃப் டி.வி.யில பேசி, லஷ்கர், ஜெய்ஷ் அமைப்புகளைத் தடை பண்றதா சொன்னார். சரி, மிரட்டல் வேலை செஞ்சிடுச்சுன்னு ஒரு தரப்பு நினைச்சது. மே 14ம் தேதி ஜம்மு பக்கம் காலுசக்ல தீவிரவாதிகள் 31 பேரைக் கொன்னாங்க. அதுல நிறைய பேர் ராணுவ வீரர்களோட மனைவி, குழந்தைகள். மறுபடியும் போர் வாசல் வரைக்கும் வந்துச்சு. மறுபடியும் நின்னுச்சு. கடைசியில அக்டோபர் மாசம் படைகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தாங்க.

போர் நடக்கலை. ஆனா கண்ணிவெடி, விபத்துன்னு எல்லையில 700க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரோட திரும்பல. 1999 கார்கில் போர்லயே நாம இழந்தது 527 பேர்தான். நடந்த போரைவிட நடக்காத போர் அதிக உயிரைக் குடிச்சிருக்கு!

"அப்போ வாஜ்பாய் பண்ணது தப்பா?"ன்னு உடனே குதிக்காதீங்க. ரெண்டு பக்கமும் அணுகுண்டு வெச்சிருக்கும்போது போருக்குள்ள விழாம நாட்டை வெளியே கொண்டுவந்ததே பெரிய விஷயம்னு வாதாடறவங்க இருக்காங்க. அதுல நியாயமும் இருக்கு. பிரச்னை கிளம்பின இடத்துல இருக்கு. எதைச் சாதிச்சா இந்தப் படை திரும்பி வரும்? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவா பதில் இல்லாமலேயே 5 லட்சம் பேர் கிளம்பிட்டாங்க. நான் சொல்லல. அட்மிரல் சுஷில் குமாரே ஓய்வுக்குப் பிறகு வெளிப்படையா சொன்னார்: நோக்கம் தெளிவா இல்லை, அது பெரிய தப்பு. ஜெனரல் பத்மநாபனும் பின்னாடி ஒரு பேட்டியில மனசுவிட்டுப் பேசினார். டிசம்பர் 13 அன்னிக்கு உடனே எல்லை தாண்டி அடிக்கிற நிலைமையில தன் படைகள் இல்லைன்னார்.

2003 பொங்கலுக்கு அண்ணன் வந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாதவன், அவ குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு வந்து சேர்ந்தான். சாயந்தரம் ஏரிக்கரையில உக்காந்திருந்தப்போ நான் வாயை வெச்சுக்கிட்டு இருக்க மாட்டாம கேட்டேன்:

"ஏண்ணா, அடிக்காமலேயே வந்துட்டீங்க?"

கோபப்படுவான்னு நினைச்சேன். படலை. "அடின்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்போம்டா. வேணாம்னு சொல்லியிருந்தா இங்கே வந்து கல்யாண வேலை பார்த்திருப்பேன். ரெண்டும் சொல்லல. நில்லுன்னாங்க, நின்னோம். கண்ணிவெடி புதைன்னாங்க, புதைச்சோம். அப்புறம் எடுன்னாங்க. புதைக்கும்போது பயம் இல்லை. எடுக்கும்போதுதான்..."

அதுக்கப்புறம் அவன் அதைப் பத்திப் பேசவே இல்லை. குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம்னு பேச்சு மாறிடுச்சு.

கல்லுல எழுதின ஆள் தேர்வு

அந்த லீவுலதான் ஒரு நாள் அண்ணனோட சைக்கிள்ல உத்திரமேரூர் போனேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். 'குடவோலை'ன்னு எட்டாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி, அஞ்சு மார்க் வாங்கி, அதோட மறந்துட்ட அதே கல்வெட்டு. பக்கத்து ஊர்க்காரனுக்கு அது சும்மா வெயிலுக்கு ஒதுங்குற இடம். அன்னிக்குத்தான் என்ன எழுதியிருக்குன்னு உருப்படியா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 920ஐ ஒட்டி. 30 குடும்புலேர்ந்து ஆளைத் தேர்ந்தெடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு குழு அமைக்கணும். ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, எழுத்துத் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டர். அதைவிட சூப்பர், யாரெல்லாம் குடத்துக்குள்ளயே வரக்கூடாதுங்கிற பட்டியல்!

முன்னாடி பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது. சித்தப்பா, மாமன், மச்சான்னு உறவுமுறையை ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்காங்க. மூணு வருஷத்துக்குள்ள ஏற்கெனவே பதவியில இருந்தவன் வரக்கூடாது. 35 வயசுக்குக் கீழே, 70க்கு மேலே கூடாது. அடுத்தவன் சொத்தைத் திருடினவன் கூடாது. அப்புறம் ஒண்ணு... சாகசக்காரன் கூடாது. அதாங்க, முன்னபின்ன யோசிக்காம குதிக்கிறவன்!

ஏரிக்கு மதகு கட்டுற குழுவுக்கே முன்கோபக்காரன் வேணாம்னு 1,100 வருஷத்துக்கு முந்தி முடிவு பண்ணியிருக்காங்க. போர் அறைக்கு?

உடனே "ஆஹா, தமிழன் அன்றே..."ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அந்தச் சபையில நிலம் வெச்சிருந்த, வேதம் படிச்ச பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் இடம். என் பாட்டன் பூட்டன் அந்த மண்டபத்துக்குள்ள உக்காந்திருக்க முடியாது, பாட்டி சத்தியமா முடியாது. அது குறைதான். ஆனா அந்தப் பட்டியலோட மூளை இருக்கே, அதை எடுத்துக்கிறதுல தப்பில்லை. தலைவன் நல்லவனா, கெட்டவனான்னு மட்டும் பார்க்காதே. அவன் பக்கத்து நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு. அதான் மேட்டர்.

அதுலேர்ந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. எந்தப் பிரதமர் போருக்குத் தயாரான கதையைப் படிச்சாலும், அந்தக் கல்லை எடுத்துவெச்சு அளந்து பார்க்கிறது. வாங்க, நாலு நாற்காலியைப் பார்த்துடலாம்.

நாற்காலி 1: ரெண்டு சீட்டு, ஒரு ஆள்

கார்கில் போருக்கப்புறம் எங்கே தப்பு நடந்துச்சுன்னு பார்க்க ஒரு குழு போட்டாங்க. தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில பிறந்தவர். அந்தக் குழு சொன்னதுல ஒண்ணு: தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்ங்கிறது முழுநேர வேலையா இருக்கணும். அப்போ பிரஜேஷ் மிஸ்ராதான் பிரதமரோட முதன்மைச் செயலாளரும், பாதுகாப்பு ஆலோசகரும். காலையில ஃபைல் நகர்த்தணும், சாயந்தரம் போரைப் பத்தி யோசிக்கணும். மிஸ்ரா சாமர்த்தியசாலி, அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா பிரதமரைச் சந்திக்கிற வாசலையும் அவரே பார்த்துக்கிட்டு, ஆலோசனையையும் அவரே சொன்னா, வேற குரல் எந்தப் பக்கமா உள்ளே வரும்? பராக்ரம் நடந்தப்போவும் அவர் ரெண்டு நாற்காலியிலயும்தான் இருந்தார். 2004ல ஆட்சி மாறினப்புறம்தான் ரெண்டு வேலையும் ரெண்டு பேர் கைக்குப் போச்சு.

நாற்காலி 2: செங்கல்பட்டுக்காரர்

இது நம்ம மண்ணுலயே முடிஞ்ச கதை. அதனால கொஞ்சம் நிதானமா.

1984ல 400 சீட்டுக்கு மேல ஜெயிச்சு வந்த இளம் பிரதமர் ராஜீவ் காந்தி. இலங்கைப் பிரச்னையை இந்திரா காலத்துலேர்ந்து அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சு வெச்சிருந்தவர் ஜி. பார்த்தசாரதி. 1985ல அந்த வேலை வேற கைக்கு மாறுச்சு. 1987 ஜனவரியில வெளியுறவுச் செயலாளர் ஏ.பி. வெங்கடேஸ்வரன் உக்காந்திருக்கும்போதே, பத்திரிகையாளர் கூட்டத்துல, 'சீக்கிரமே புது வெளியுறவுச் செயலாளர் வருவார்'ங்கிற அர்த்தத்துல பிரதமர் பேசினார். அவர் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். இதைப் பார்த்த மத்த அதிகாரிகள் என்ன பாடம் படிச்சிருப்பாங்க? உங்க காலேஜ்ல எச்.ஓ.டி.கிட்ட எதிர்த்துப் பேசினவனுக்கு இன்டர்னல் மார்க் என்ன ஆச்சுன்னு யோசிங்க, புரிஞ்சிடும்.

அதுக்கு 6 மாசம் கழிச்சு, 1987 ஜூலை 29ல இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதிப் படை போச்சு. அக்டோபர்ல புலிகளோட சண்டையே ஆரம்பிச்சது. தளபதி ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டுல பிறந்தவர். நம்ம பக்கத்து ஊர்! ராணுவத்தை நவீனமாக்கினதுல பெரிய மூளை. ஆனா, மோதல்னு வந்தா சில வாரங்கள்ல முடிச்சிடலாம்னு அவர் நம்பிக்கையா சொன்னதா, அப்போ கொழும்புல இந்தியத் தூதரா இருந்த ஜே.என். தீட்சித் பின்னாடி எழுதினார்.

சில வாரம், 32 மாசமா ஆச்சு. அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்லேர்ந்து இறங்கின 30 சீக்கிய வீரர்கள்ல ஒருத்தர்தான் மிச்சம். 1990 மார்ச்ல படை திரும்பறதுக்குள்ள சுமார் 1,200 இந்திய வீரர்கள் போயிட்டாங்க. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளயே சுடப்பட்ட நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள்னு அந்தப் பக்கம் செத்த தமிழ் ஜனங்களையும் இதே கணக்குல சேர்க்கணும். எந்த மக்களைக் காப்பாத்தப் போறோம்னு சொன்னோமோ, அவங்க.

1991 மே 21. நான் அப்போ சின்னப் பையன். மறுநாள் காலையில ஊர்ல பஸ் வரலை. கடை திறக்கலை. "ஸ்ரீபெரும்புதூர்ல..."ன்னு பெரியவங்க பேச ஆரம்பிச்சு, எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்குவாங்க. டெல்லியில ஒரு மேஜைமேல எடுத்த முடிவு சுத்திச் சுத்தி எங்க மாவட்டத்து ரோட்டோரத்துலயே வந்து வெடிச்சது. மனித வெடிகுண்டை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. அதுல எனக்குக் குழப்பமே இல்லை. ஆனா 'வேணாம் சார்'னு சொல்ல வேண்டிய நாற்காலிகள் 1987ல காலியா இருந்துச்சுங்கிறதையும் மறக்க முடியலை.

நாற்காலி 3: 'இப்போ முடியாது மேடம்!'

வள்ளுவர் இதுக்குன்னே அதிகாரம் அதிகாரமா எழுதியிருக்கார். வலியறிதல், காலமறிதல், பெரியாரைத் துணைக்கோடல். தப்புப் பண்ணா திட்டுறதுக்கு ஆள் இல்லாத ராஜாவைக் கெடுக்க எதிரியே தேவையில்லை, அவனே கெட்டுப்போவான்னு சொன்னவர் அவர்.

1971 ஏப்ரல் கடைசி. கிழக்குப் பாகிஸ்தான்லேர்ந்து லட்சக்கணக்குல அகதிகள். இந்திரா காந்தியோட அமைச்சரவைக் கூட்டத்துல ராணுவத் தளபதி மானெக்‌ஷா, 'இப்போ போனா தோத்துடுவோம்'னு சொல்லிட்டார். மழை வரப்போகுது, ஆறெல்லாம் கடலாயிடும். டாங்கிகள் தயார் இல்லை. இமயமலைக் கணவாய் திறந்திருக்கும்போது சீனா வந்தா? வேணும்னா ராஜினாமா பண்ணட்டுமான்னும் கேட்டதா அவரே பின்னாடி பல மேடையில சொன்னார். பிரதமரும், அவரோட ஆலோசகர் பி.என். ஹக்சரும் ஏற்கெனவே பொறுக்கிற மனநிலையிலதான் இருந்தாங்கன்னு சில வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. எப்படியோ, 'முடியாது'ன்னு சொன்ன ஆள் நாற்காலியிலேயே இருந்தார். அதுதான் முக்கியம். டிசம்பர் 3ல ஆரம்பிச்ச போர் 16ம் தேதி முடிஞ்சது. 93,000 பேர் சரணடைஞ்சாங்க. மானெக்‌ஷா கடைசிக் காலத்தை நம்ம நீலகிரியில, குன்னூர்ல கழிச்சார்.

நாற்காலி 4: தோத்துப்போன ஆலோசனை

2008 நவம்பர் 26. மும்பை. 10 பேர் கடல் வழியா வந்து 166 உயிரை எடுத்தாங்க. நாடே கொதிச்சது. வெளியுறவுச் செயலாளரா இருந்த சிவசங்கர் மேனன் உடனே திருப்பி அடிக்கணும்னு சொன்னவர். அவரே அதைப் பின்னாடி புத்தகமா எழுதினார். பிரதமர் மன்மோகன் சிங் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, அடிக்கிறதைவிட அடிக்காம இருக்கிறதுல லாபம் அதிகம்னு முடிவெடுத்தார். அடிச்சிருந்தா, உலகம் இதை வழக்கமான இந்தியா-பாகிஸ்தான் சண்டையா பார்த்திருக்கும், தீவிரவாதிகள் செஞ்சது பின்னாடி போயிருக்கும்ங்கிறது கணக்கு. தேசியப் புலனாய்வு முகமைக்குச் சட்டம் வந்துச்சு. கடலோரக் காவல் பலமாச்சு. கசாப்பைக் கோர்ட்டுல நிறுத்தி உலகத்துக்கே காட்டினோம்.

அது சரியா, கோழைத்தனமான்னு இன்னிக்கும் சண்டை ஓடுது. நீங்க எந்தப் பக்கம் வேணா இருங்க. நான் கவனிச்சது வேற. அந்த அறையில ரெண்டு கருத்து இருந்துச்சு. தோத்த கருத்தைச் சொன்னவர் வேலையை விட்டுப் போகலை. பின்னாடி அதே பிரதமருக்கு அவர்தான் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார்!

இதுக்கு நேர் எதிர் கதை வேணும்னா அமெரிக்காவைப் பாருங்க. ஈராக் போருக்கு முன்னாடி, 2003 பிப்ரவரியில, ராணுவத் தளபதி ஷின்செகி 'லட்சக்கணக்குல வீரர்கள் தேவைப்படும்'னு நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னார். பாதுகாப்புத் துறையின் பெரிய தலைகளே அவர் சொன்னது தப்புன்னு பொதுவுல மறுத்தாங்க. பேரழிவு ஆயுதம் இருக்குன்னு புஷ் சொல்லி ஆரம்பிச்ச போர்ல, கடைசி வரைக்கும் அந்த ஆயுதம் மட்டும் கிடைக்கவே இல்லை.

அந்த ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்புங்கன்னு அமெரிக்கா நம்மகிட்டயும் கேட்டுச்சு. 2003 ஜூலை 14ல நாம சொன்ன பதில்: ஐ.நா. தீர்மானம் இல்லாம அனுப்ப முடியாது. அப்போ பிரதமர் யார்? அதே வாஜ்பாய்! பராக்ரம் முடிஞ்சு 9 மாசம்தான் ஆகியிருந்துச்சு. அந்தப் பாடம் அங்கே உதவிச்சோன்னு எனக்கு ஒரு நினைப்பு. ஒரு படையை அனுப்பறது எவ்வளவு சுலபம், எதுக்குன்னு தெரியாம அனுப்பினா திரும்பக் கூப்பிடறது எவ்வளவு கஷ்டம்னு அவரைவிட யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அஞ்சாவது நாற்காலி

ஓகே, நாலு நாற்காலி ஆச்சு. ஆனா அந்த அறையில யாரும் போடாத அஞ்சாவது நாற்காலி ஒண்ணு இருக்கு. அதுல உக்காந்திருக்கிறது யாரு தெரியுமா?

நாமதான் பாஸ்!

2025 ஏப்ரல் 22ல பஹல்காம்ல 26 பேரைக் கொன்னாங்க. மே 7ல 'ஆபரேஷன் சிந்தூர்'. மே 10ல சண்டை நிறுத்தம். அந்த அறைக்குள்ள யார் என்ன சொன்னாங்கங்கிற முழுக் கதை எழுதப்பட இன்னும் நாளாகும். அதனால அதைப் பத்தித் தீர்ப்புச் சொல்ற யோக்கியதை எனக்கில்லை. ஆனா அறைக்கு வெளியே நடந்ததைப் பார்த்தேன். ஒரு ராத்திரி டி.வி.யில கராச்சித் துறைமுகத்தையே அழிச்சிட்டாங்க. விடிஞ்சு பார்த்தா துறைமுகம் அங்கேயேதான் இருந்துச்சு! அதுக்குள்ள எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல மூணு பேர் இஸ்லாமாபாத்தைத் தாண்டிப் போயிட்டாங்க. பழைய வீடியோ, கேம் வீடியோ, எல்லாம் போர்க்களக் காட்சியா சுத்துச்சு. "இப்போவே முடிச்சிடணும்!"னு ஒரு தம்பி எழுதினான். காலேஜ் ரெண்டாம் வருஷம். 2001ல நான் இருந்த அதே வயசு, அதே வரி.

தலைவர்களுக்குக் காது இருக்கு. டீக்கடையும், குரூப்பும், டி.வி.யும் சேர்ந்து போடுற சத்தம் அவங்களுக்குக் கேக்கும். அந்தச் சத்தமும் ஒரு ஆலோசனைதான். ஓட்டுப்போடறவன் சொல்ற ஆலோசனை, தளபதி சொல்றதைவிட சில நேரம் பெரிசா கேக்கும். அப்போ அந்தக் கல்வெட்டை நம்ம மேலயே வெச்சு அளந்தா? கணக்குக் காட்டாதவன். நேத்து அனுப்பின பொய்ச் செய்திக்கு இன்னிக்கு யாராவது 'ஸாரி' போட்டோமா? சாகசக்காரன். முன்னபின்ன யோசிக்காம குதிக்கிறவன். அய்யய்யோ... நம்ம ஓலை குடத்துக்குள்ளயே விழாது போல இருக்கே!

போர் வேணாம்னு நான் சொல்ல வரலை. சில நேரம் அடிச்சே ஆகணும். எல்லையில நிக்கிறவனுக்கு அது நம்மைவிட நல்லாத் தெரியும். கேக்கத்தான் சொல்றேன். எதுக்குப் போறோம்? எது நடந்தா திரும்பி வருவோம்? வேணாம்னு சொல்ற ஆள் அறையில யாராவது இருக்காங்களா? இந்த மூணு கேள்வியைக் கேட்டா தேசத்துரோகின்னு எவனாவது சொன்னா, அவனை ஒரு தடவை உத்திரமேரூருக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. பஸ் செலவு என்னுது.

அண்ணன் ரிட்டயர் ஆகி ஊருக்கே வந்துட்டான். ஏரி நிரம்பிச்சா, மதகு சரியா இருக்கான்னு பார்க்கிறதுதான் இப்போ அவன் உலகம். அந்த மே மாச ராத்திரி, குரூப்புல எல்லாரும் இஸ்லாமாபாத்ல இருந்தப்போ, அவன் ஒரே ஒரு மெசேஜ் போட்டான். தம்பிங்க யாரும் அதுக்குப் பதில் போடலை. நான்கூட உடனே போடலை, என்ன போடறதுன்னு தெரியாம போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"நம்ம ஊர்ப் பசங்க யாராச்சும் இப்போ பார்டர்ல இருக்காங்களா? வீட்டுல கல்யாணம் காட்சி ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் போய் நிக்கிறேன்."